கிராப் ஆப்பிள்: பூவைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள்

வசந்தத்தில் கிளை தெரியாத அளவுக்குப் பூ, இலையுதிர் காலத்தில் கோலிக்குண்டு அளவில் சிவப்பும் ஆரஞ்சுமாகப் பழம். ஆப்பிள் இனத்துக் குட்டைப் பழ மரமான கிராப் ஆப்பிளை வீட்டு முன் வைப்பதே இதற்காகத்தான். பூ ஒன்றிரண்டு வாரத்தில் கொட்டிவிடும்; பழமோ, நல்ல ரகமாக இருந்தால் பனிக்காலம் வரை மரத்திலேயே நிற்கும். அப்படியிருந்தும் நர்சரியில் பூத்து நிற்கும் செடியைப் பார்த்ததும் பலர் விலை பேசத் தொடங்கிவிடுகிறார்கள். 'ஸ்பிரிங் ஸ்னோ' வெள்ளை வெளேரென்று பூக்கும், ஆனால் மலட்டு ரகம். பழத்தை எதிர்பார்க்க முடியாது. 'ஹோப்பா' போன்ற பழைய ரகங்களைச் சொறிநோய் எளிதில் பிடிக்கும். இலையில் கரும்பச்சைப் புள்ளி விழும், அப்புறம் மஞ்சளாகிக் கோடையிலேயே உதிரும். நோயைத் தாங்கும் 'பிரெய்ரிஃபயர்', பழம் நெடுநாள் நிற்கும் 'டொனால்ட் வைமன்' மாதிரியான ரகங்களைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். குளிர்காலம் சரியாக இல்லாத ஊரில் எந்த ரகமும் ஒழுங்காகப் பூக்காது.

அடுத்தது கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிச் சீராக்குவது. அடுத்த ஆண்டுக்கான பூமொட்டு இந்தக் கோடையிலேயே உருவாகிவிடுகிறது. கோடை முடிந்தபின் கத்தரியை எடுத்தால் வெட்டுப்படுவது அந்த மொட்டும், பழுத்துக்கொண்டிருக்கும் காயும்தான். குளிர்காலக் கடைசியில் செய்யுங்கள். கொஞ்சம் மொட்டு போகும், பரவாயில்லை, இலையில்லாததால் எந்தக் கிளை எதில் உரசுகிறது என்று தெளிவாகத் தெரியும். உச்சியை மொட்டையடிக்க மட்டும் வேண்டாம். வெட்டிய இடத்தில் நேராக, கொத்தாக நீர்ப்போத்துகள் எனப்படும் வேகமாக வளரும் கிளைகள் கிளம்பும். அவை உடனே பூப்பதில்லை. ஒட்டுக்கட்டிய இடத்துக்குக் கீழிருந்து வரும் துளிரைச் சிறிதாக இருக்கும்போதே பிய்த்துவிடுங்கள். அது, ரகத்தை ஒட்டுவதற்கு அடியில் வைத்த வேர்ச்செடியின் கிளை, விட்டால் நீங்கள் வாங்கிய ரகத்தையே அமுக்கிவிடும்.

நடும்போது அடிமரம் வேராக விரியும் இடம் மண்ணுக்கு மேல் தெரிய வேண்டும். மண்ணை மூடப் பரப்பும் சருகு, மரத்தூள் போன்ற மூடாக்கைத் தண்டோடு ஒட்டிக் குவிக்காதீர்கள், பட்டை அழுகும். நாளுக்கு 6 மணி நேரமாவது வெயில் வேண்டும்.

பூ குறைந்தால் உரம் போடத் தோன்றும். தழைச்சத்து கூடினால் இளந்தளிர் மளமளவென்று வரும். தீக்கருகல் நோய்க்கு அதுதான் பிடித்த இடம். தளிர் நுனி வளைந்து கருகினால், கருகலுக்கு 20 முதல் 30 செ.மீ. கீழே, மழையில்லாத நாளில் வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். பூத்திருக்கும்போது பூச்சிமருந்து அடித்தால் தேனீ சாகும், காயும் பிடிக்காது. சில ரகங்கள் ஓராண்டு விட்டு ஓராண்டுதான் நன்றாகக் காய்க்கும் என்பதால், ஒரு பருவம் பழம் குறைந்ததற்காக மரத்துக்கு வைத்தியம் பார்க்கத் தேவையில்லை.