"சாப்பிட்டுத்தானே போட்டேன்?" – வலி மாத்திரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருந்துக் கடைக்குப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் எந்த வலி மாத்திரையை எடுத்துக் கொடுத்தாலும் "சாப்பிட்டுட்டுப் போடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார்கள். எங்கள் காலத்தில் நாங்களும் அப்படித்தான் பழகினோம். காலாவதித் தேதி பார்ப்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும், அவற்றை விடுகிறேன்.

பாராசிட்டமாலுக்குச் சாப்பாடு கட்டாயமில்லை

காய்ச்சலில் வாய் கசந்து கிடப்பவரை வற்புறுத்திச் சாப்பிட வைத்த பிறகுதான் மாத்திரை என்று காக்க வேண்டாம். வெறும் வயிற்றில் இது சற்றுச் சீக்கிரமே வேலை செய்யும்.

சாப்பாடு கவசம் அல்ல

எனக்கு இன்றும் கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் எல்லாம் வயிற்றில் நேரடியாகப் படுவதால் மட்டும் புண்ணாக்குவதில்லை. இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் சளிப்படலம் சுரக்க, உடம்பே உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் வேண்டும். வலியைக் கூட்டுவதும் அதே குடும்பம்தான். இவையும் சேர்ந்த ஆஸ்பிரின் வகை மருந்துகள் அது உருவாவதையே தடுக்கின்றன என்று 1971-ல் பிரிட்டிஷ் மருந்தியல் அறிஞர் ஜான் வேன் காட்டினார்; 1982-ல் நோபல் பரிசு பெற்றார். ரத்தத்தில் கலந்த மருந்து மூட்டில் செய்வதை இரைப்பையிலும் செய்யும். ஊசியாகப் போட்டாலும் புண் வரலாம். அப்படியிருக்க இரண்டு இட்லி எதைத் தடுக்கும்? குமட்டலும் எரிச்சலும் கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான்.

முட்டிவலிக்கு வாரக்கணக்கில் டைக்ளோஃபினாக் போட்டு வந்தார் ஒரு பெரியவர். இதயத்துக்காக ஆஸ்பிரினும் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டால், "வயிறு நிறையச் சாப்பிட்டுத்தான் தம்பி போடுறேன்" என்பார். ஒருநாள் அவர் மகள் வந்து, அப்பாவுக்கு மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றார். வயிற்றுவலியே இல்லையாம். உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று.

அதனால் "சாப்பிட்டீங்களா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். வயது அறுபதைத் தாண்டியதா, முன்பு அல்சர் இருந்ததா, ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோ ஸ்டீராய்டோ ஓடுகிறதா என்று கேளுங்கள். ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் டாக்டரிடம் அனுப்புங்கள். மற்றவர்களுக்கும் குறைந்த அளவு, குறைந்த நாள்தான் காப்பு. சாப்பாட்டோடு போடுவது நல்லதே. அதை நம்பி நாட்களை நீட்டுவதுதான் ஆபத்து.

பெயர் வேறு, மருந்து ஒன்று

காம்பிஃப்ளாமில் ஐபுப்ரோஃபெனோடு 325 மி.கி. பாராசிட்டமாலும் இருக்கிறது. கூடவே ஒரு டோலோ 650 போட்டால் ஒரே வேளையில் 975 மி.கி. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்துக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. மீறினால் கல்லீரல் போகும். குடிப்பவர்களுக்கும் மிக மெலிந்தவர்களுக்கும் அதற்கு முன்பே கெடலாம்.

டெங்கு சந்தேகமா?

பாராசிட்டமால் மட்டும்.

வாந்தி, வயிற்றுப்போக்கில்

உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது ஐபுப்ரோஃபென் வகை சிறுநீரகத்தைக் கெடுக்கும். கொடுக்காதீர்கள்.

உடைத்துப் போடுவது

டைக்ளோஃபினாக் மாத்திரைகள் பலவற்றில் குடலுக்குப் போன பிறகே கரையும் பூச்சு இருக்கும். முழுசாக விழுங்கச் சொல்லுங்கள்.