கோடைப் படிப்புக்குக் கார்த்திகையிலேயே கிளம்ப வேண்டும்

கோடை விடுமுறையில் பெரிய ஆய்வு நிறுவனங்களில் இரண்டு மாதம் தங்கிப் படிக்கலாம், அதற்கு உதவித்தொகையும் உண்டு என்பது எனக்குத் தெரிந்தது பாளையங்கோட்டை பஸ்ஸில். பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அக்கா பேச்சுவாக்கில் சொன்னார். நான் அப்போது பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் வருடம், மாதம் மார்ச். விசாரித்துப் பார்த்தால் கடைசித் தேதி எப்போதோ போய்விட்டது. அந்த வருடக் கோடை குற்றாலத்தில் குளித்ததோடு சரி. அடுத்த வருடம் போனேன். அந்த இரண்டு வருடத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: மழைக்காலத்தில் தேடுங்கள்

பெயர்தான் கோடைத் திட்டம். விண்ணப்பம் திறப்பது நம் ஊரில் வடகிழக்கு மழை பெய்கிற சமயத்தில். பெங்களூரில் சி.வி. ராமன் 1934-ல் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதெமி, வேறு இரண்டு தேசிய அகாதெமிகளோடு சேர்ந்து நடத்தும் திட்டம் ஒன்று இருக்கிறது. தேர்வானால் நாட்டின் ஏதாவது ஒரு ஆய்வகத்தில் இரண்டு மாதம். அக்டோபர், நவம்பரிலேயே அதைக் கவனிக்க வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யின் கோடைத் திட்டம் புத்தாண்டுக்குப் பிறகு வரும். ஐ.ஐ.டி. மாணவர்களுக்கு அதில் இடமில்லை, வெளிக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். கணிதம் படிக்கிறவர்கள் எம்.டி.டி.எஸ். (MTTS) என்று தேடுங்கள். 1993-லிருந்து நடக்கும் நான்கு வாரப் பயிற்சி. அங்கே ஆசிரியர் போர்டில் எழுதுவார், நாம் காப்பி அடிப்போம் என்ற கதையே கிடையாது. கேள்வி கேட்டுக் கேட்டே நம்மை யோசிக்க வைப்பார்கள்.

கடைசி நாள் வரை வைத்துக்கொள்ளாதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நம் பக்கம் பல ஊர்களில் கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. தாமிரபரணி பொங்கினால் டெல்லியில் தேதியைத் தள்ளிவைக்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. பணம் கட்டினால் உடனே இடம், கையோடு சான்றிதழ் என்று வாட்ஸப்பில் சுற்றுகிற திட்டங்களைத் தொடவே தொடாதீர்கள். அது படிப்பு இல்லை, வியாபாரம்.

ஆசிரியரின் கடிதம்

பெரும்பாலான திட்டங்களுக்கு ஆசிரியர் ஒருவர் பரிந்துரைக்க வேண்டும். ஹெச்.ஓ.டி.யிடம் கேட்டால்தான் மதிப்பு என்று நினைக்காதீர்கள். வகுப்பில் உங்களை முகம் பார்த்து அறிந்த ஆசிரியர் போதும். இரண்டு வாரம் முன்னாலேயே கேளுங்கள். கேட்கும்போது மார்க் ஷீட் நகலையும், அவரிடம் எந்தப் பாடம் படித்தீர்கள், என்ன செய்முறை செய்தீர்கள் என்று அரைப் பக்கக் குறிப்பையும் கையில் கொடுங்கள். இப்போதெல்லாம் பல இடங்களில் கடிதத்தைப் பதிவேற்றும் இணைப்பு நேராக ஆசிரியரின் மின்னஞ்சலுக்கே போகிறது. அது ஸ்பாம் பெட்டியில் விழுந்து கிடக்கும். “சார், ஒரு தடவை ஸ்பாம் பார்த்துருங்க சார்” என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

‘ஏன் வர விரும்புகிறீர்கள்?’

விண்ணப்பத்தில் வரும் இந்த ஒரு கேள்வியில்தான் நம் பிள்ளைகள் தோற்கிறார்கள், மதிப்பெண்ணில் இல்லை. நான் முதலில் எழுதியது இது:

“சிறு வயது முதலே எனக்கு அறிவியலில் மிகுந்த ஆர்வம் உண்டு. உங்கள் உலகத்தரம் வாய்ந்த நிறுவனத்தில் பயில்வது என் வாழ்நாள் கனவு.”

எங்கள் இயற்பியல் மேடம் வாசித்துவிட்டு, “இதுல உன் பேரை அடிச்சிட்டு யார் பேரு வேணும்னாலும் எழுதலாம்ட்டி” என்றார். அப்புறம், “நீ நிஜமா யோசிச்ச விஷயம் ஒண்ணுகூடவா இல்ல?” என்று கேட்டார். இருந்தது. எங்கள் ஊர் கல்லிடைக்குறிச்சி. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வேகமாக வரும் நாட்களில், பாலத்தூணுக்குப் பின்னால் சுழிகள் ஒன்று இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாறி மாறிப் பிரிந்து போகும். ஏன் இரண்டும் சேர்ந்து பிரிவதில்லை என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். அதற்குக் கார்மன் சுழல் வரிசை என்று பெயர் இருப்பதும், காற்றில் மின்கம்பி ரீங்காரம் செய்வதற்கும் அதேதான் காரணம் என்பதும் பின்னால் நூலகத்தில் படித்துத் தெரிந்தது. இரண்டாவது முறை அந்தத் தூணிலிருந்து தொடங்கினேன். என்ன பார்த்தேன், என்ன படித்தேன், எந்த இடத்தில் புரியாமல் நிற்கிறேன், உங்கள் ஆய்வகத்தில் எதைக் கற்க நினைக்கிறேன். அவ்வளவுதான்.

முதலில் தமிழில் எழுதிப் பாருங்கள். சொல்ல விஷயம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பிறகு நீங்களே ஆங்கிலத்தில் எழுதுங்கள். பிழையில்லாமல் இருந்தால் போதும், அலங்காரம் வேண்டாம்.

இன்னொரு சின்னச் சிக்கல்: படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும், காலியாக விட்டால் நகராது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலின் விரிவை, அதாவது அப்பா பெயரை அங்கே போடுங்கள். எல்லாப் படிவத்திலும் ஒரே மாதிரி போடுங்கள்.

இடம் கிடைத்த பிறகு

அன்றைக்கே செய்ய வேண்டியவை மூன்று. ஒன்று, வருகிறேன் என்று பதில் போடுவது. இரண்டு, கல்லூரி அலுவலகத்தில் போனஃபைட் சான்றிதழுக்கு எழுதிக் கொடுப்பது. எனக்கு ஒரு கையெழுத்துக்கு ஒன்பது நாள் ஆனது. மூன்று, ரயில் டிக்கெட்.

டிக்கெட் விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். இப்போது முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. மே 20 ஏற வேண்டும் என்றால் மார்ச் 21 காலை 8 மணிக்குக் கையில் போனோடு உட்கார வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் மே மாதம் இடம் கிடைப்பது எப்படி என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

செமஸ்டர் தேர்வு இடிக்கும். இடித்தே தீரும். எனக்குச் சேர வேண்டிய நாளுக்கு மூன்று நாள் கழித்து பிராக்டிகல் போட்டார்கள். ராத்திரி அழுதுவிட்டு, காலையில் நான் போய்ச் சேர வேண்டிய ஆய்வகத்தின் பேராசிரியருக்கு நான்கு வரி எழுதினேன், தேர்வு அட்டவணையையும் இணைத்து. ‘தேர்வை முடித்துவிட்டு வாருங்கள்’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. எல்லோரும் இப்படி விடுவார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்காமல் இருந்தால் நிச்சயம் கிடைக்காது.

வீட்டில் அனுப்ப யோசிப்பார்கள், பெண் பிள்ளை என்றால் இன்னும் அதிகம். “ஏட்டி, வருசம் பூரா படிச்சது பத்தாதா?” என்று ஆச்சி கேட்டாள். அப்பாவுக்கு விடுதி முகவரி, வார்டன் போன் நம்பர், பேராசிரியர் அனுப்பிய கடிதம் மூன்றையும் அச்செடுத்துக் கொடுத்தேன். காகிதத்தில் பார்த்ததும்தான் சரி என்றார். அப்படியும் வெளியூர் முடியாது என்றால், அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கவே இருக்கிறது. உங்கள் துறைப் பேராசிரியரை நேரில் பார்த்து, கோடையில் ஏதாவது வேலை கற்றுக்கொள்ளலாமா என்று கேளுங்கள். அறிவிப்பு இல்லையே என்று தயங்க வேண்டாம்.

எதைக் கொண்டுபோவது

ஒரு மாத மெஸ் செலவுக்குக் கைக்காசு. உதவித்தொகை பல இடங்களில் கடைசியில்தான் வரும். பூட்டு, போர்வை, பருப்புப்பொடி. எங்கள் அம்மா ஊர்ப் பெருமையாக நாலு கட்டு அப்பளம் வைத்துவிட்டாள். விடுதியில் எங்கே பொரிப்பது? கடைசியில் அது மெஸ் அண்ணாச்சிக்குப் போனது, பதிலுக்கு இரண்டு மாதமும் எனக்குச் சூடாகத் தோசை வந்தது.

சென்னை ஐ.ஐ.டி. கிடைத்தவர்கள் ஜன்னலைச் சாத்தி வையுங்கள், குரங்குகள் உண்டு. விடுதிகளுக்கெல்லாம் அங்கே ஆற்றுப் பெயர்கள். தாமிரபரணியும் ஒன்று.

முதல் வாரமும் அதற்குப் பிறகும்

போனதும் ஒரு ஆய்வுக்கட்டுரையைக் கையில் கொடுப்பார்கள். புரியாது. எனக்கு முதல் பக்கத்தில் பதினேழு சொல் தெரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டியதுதான் நான் செய்த பெரிய தப்பு, அதில் ஐந்து நாள் வீணாய்ப் போனது. தெரியாத சொற்களை நோட்டில் எழுதிக்கொண்டு, ஆய்வு மாணவர்களான அண்ணன், அக்காமாரிடம் மத்தியான டீக்குப் போகும்போது கேளுங்கள். பேராசிரியரிடம் கேட்கக் கூசுவதை அவர்களிடம் கேட்கலாம்.

தினமும் தேதி போட்டு எழுதுங்கள்: இன்று என்ன செய்தேன், எது வேலை செய்யவில்லை. கடைசியில் அறிக்கை கேட்பார்கள். நோட்டு இருந்தால் இரண்டு நாளில் எழுதிவிடலாம்.

கிளம்பும் நாளில் சான்றிதழை வாங்கியதும் அங்கேயே நின்று எழுத்துக்கூட்டிப் பாருங்கள். என்னுடையதில் என் பெயரே இல்லை. குடும்பப் பெயர் கட்டத்தில் போட்ட அப்பா பெயர் மட்டும் பெரிதாக இருந்தது. மாற்றி அடித்து முத்திரை வாங்கும்போது மணி நாலரை. ராத்திரி எழும்பூரில் வண்டி.