இருவர் வசூலிக்க, மூவர் பகிர: யூதக் கல்விக்குக் கொடுப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

யூதர்களின் பழைய சட்டத்தில் ஒரு விதி உண்டு. ஊர் தர்மப் பெட்டிக்குப் பணம் வசூலிக்க ஒருவர் தனியாகப் போகக்கூடாது, இருவராகத்தான் போக வேண்டும். வசூலானதைப் பகிர்ந்து கொடுக்க மூவர் உட்கார வேண்டும். மூவர் என்பது யூத மரபில் பண வழக்கை விசாரிக்கும் மன்றத்தின் எண்ணிக்கை. யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்வதும் ஒரு தீர்ப்புதான், தீர்ப்பைத் தனியாள் சொல்லக்கூடாது என்பது காரணம். சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னாவிலேயே இந்த விதி இருக்கிறது.

யூதப் பள்ளிகளுக்கும் ஜெப ஆலயங்களுக்கும் சமூக நிதிகளுக்கும் கொடுக்கப்படும் பணம் எங்கே வீணாகிறது என்று பார்த்தால், பெரும்பாலான தவறுகள் இந்த விதியை மறந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

முதலில் ஒரு சொல். எபிரேயத்தில் தர்மத்துக்குப் பெயர் ‘செதாக்கா’. அதன் வேர்ச்சொல்லுக்கு நீதி என்று பொருள். இரக்கப்பட்டுக் கொடுப்பது என்பதைவிட, கொடுக்க வேண்டியதைக் கொடுப்பது என்ற பொருளே அதில் தூக்கலாக இருக்கிறது. ‘அறம்’ என்ற நம் சொல்லுக்குள் ஈகையும் நீதியும் சேர்ந்தே இருப்பதால் தமிழருக்கு இது சட்டென்று பிடிபடும். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுப்பது வழக்கம். ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாதே என்று ரபிகள் எனப்படும் யூத சமய அறிஞர்கள் உச்சவரம்பும் வைத்தார்கள். கொடுத்துக் கொடுத்தே ஒருவன் நொடித்துப்போய்ப் பிறரிடம் கையேந்தக்கூடாது அல்லவா? மறுபக்கம், தர்மம் வாங்கிப் பிழைப்பவரும் தம்மால் ஆனதைக் கொடுக்க வேண்டும் என்றது மிஷ்னாவின் விரிவுரையான தல்மூத்.

ஆகவே ‘பெரிய பணக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று ஒதுங்குவது இந்த மரபுக்கே எதிரானது. நடைமுறையிலும் ஆபத்து. இரண்டு மூன்று குடும்பங்களின் காசோலையை நம்பி ஓடும் பள்ளி, அவற்றில் ஒரு குடும்பம் ஊர் மாறினாலே ஆட்டம் கண்டுவிடும். நூறு வீடுகள் 18 டாலர், 36 டாலர் என்று ஆண்டுதோறும் கொடுப்பது அந்த ஆட்டத்தைத் தாங்கும். (அது என்ன 18? எபிரேய எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு. ‘உயிர்’ எனப் பொருள்படும் ‘ஹாய்’ என்ற சொல்லின் எழுத்துகளைக் கூட்டினால் 18 வரும். நாம் மொய்யில் 101 எழுதுவதுபோல அவர்கள் 18-இன் மடங்குகளில் எழுதுவார்கள்.)

கட்டடத்துக்குக் கிடைக்கும், வாத்தியாருக்குக் கிடைக்காது

நன்கொடையாளர்களுக்குக் கட்டடம் பிடிக்கும். பெயர்ப் பலகை வைக்கலாம், திறப்பு விழா நடத்தலாம், பேரப்பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டலாம். எபிரேயம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரின் மூன்றாம் ஆண்டுச் சம்பளத்துக்குப் பலகை கிடையாது. அதனால்தான் பளபளக்கும் கலையரங்கமும் ஆண்டுக்கு ஒருமுறை ஆள் மாறும் ஆசிரியர் நாற்காலியும் ஒரே பள்ளியில் இருக்கின்றன. மற்ற எல்லாத் தவறுகளையும்விட இதுவே பெரியது என்பேன்.

இந்த விஷயத்தில் பழைய நூல்கள் தயங்கவே இல்லை. ஜெப ஆலயத்தைக் கல்விச்சாலையாக மாற்றலாம், கல்விச்சாலையை ஜெப ஆலயமாக மாற்றக்கூடாது என்பது சட்டம். எருசலேம் ஆலயத்தைக் கட்டும் வேலைக்காகக்கூடப் பள்ளிப் பிள்ளைகளின் படிப்பை நிறுத்தக்கூடாது என்று தல்மூத் சொல்கிறது. அதே தல்மூத் யெகோசுவா பென் கம்லா என்ற தலைமைக் குருவை நன்றியோடு நினைவுகூர்கிறது. ஆரம்பத்தில் தகப்பன்தான் பிள்ளைக்குக் கற்பித்தான், தகப்பன் இல்லாத பிள்ளைக்குக் கல்வி இல்லை. பென் கம்லாதான் ஒவ்வொரு ஊரிலும் ஆசிரியர்களை அமர்த்தி, ஆறேழு வயதுப் பிள்ளைகளைச் சேர்க்க ஏற்பாடு செய்தார். ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள், 40 ஆனால் ஊர்ச் செலவில் ஓர் உதவியாளர், 50 ஆனால் இரண்டாவது ஆசிரியர் என்று கணக்குகூட எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கங்களில் கட்டடத்தின் நீள அகலத்தைவிட ஆளின் எண்ணிக்கையே பேசப்படுகிறது.

கொடுப்பவர் பள்ளியிடம் முதலில் கேட்க வேண்டியதும் அதுதான்: ஆசிரியர்கள் சராசரியாக எத்தனை ஆண்டு தங்குகிறார்கள்? ஏன் போகிறார்கள்? பதில் சம்பளம் என்றால், உங்கள் பணம் அங்கே போகட்டும்.

நடுவில் நிற்கும் குடும்பம்

அமெரிக்காவில் முழுநேர யூதப் பள்ளிகளில் 2013–14 கல்வியாண்டில் சுமார் 2,55,000 பிள்ளைகள் படித்தார்கள். பலவற்றில் தோரா என்னும் யூத வேதமும் எபிரேயமும் ஒரு பாதி, கணக்கும் அறிவியலும் மறு பாதி என்று இரட்டைப் பாடத்திட்டம், அதற்கேற்ற இரட்டைச் செலவு. பல நகரங்களில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக் கட்டணம் 20,000 டாலரைத் தாண்டும். மூன்று பிள்ளைகள் என்றால் நல்ல உத்தியோகத்தில் இருப்பவரே விழி பிதுங்குவார். மிக ஏழைகளுக்கு உதவித்தொகை கிடைத்துவிடுகிறது, செல்வருக்குக் கவலை இல்லை. நடுத்தரக் குடும்பம்தான் சத்தமில்லாமல் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுகிறது. ஏழைகளுக்கு மட்டும் என்று கோடு போட்டுக் கொடுக்கும் நன்கொடை, இந்தக் குடும்பத்தைக் கண்ணில் படாமல் இழக்கிறது.

இன்னொன்று, உதவி கேட்பவரின் மானம். பல ஊர்களில் உதவித்தொகைக் குழுவில் இருப்பவர்கள் அதே பள்ளியின் பெற்றோர். வரி ஆவணங்களை நீட்ட வேண்டியது, சனிக்கிழமை வழிபாட்டில் பக்கத்து இருக்கையில் அமர்பவரிடம். 12-ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் தர்மத்தை எட்டுப் படிகளாக அடுக்கியபோது, முகம் சுளித்துக் கொடுப்பதைக் கடைசியிலும், கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒருவரையொருவர் தெரியாத கொடையை இரண்டாம் இடத்திலும் வைத்தார். முதலிடம், கடனோ கூட்டுத் தொழிலோ வேலையோ தந்து, இனிக் கேட்கவே தேவையில்லாதபடி ஒருவரை நிமிர்த்துவதற்கு. நியூயார்க்கில் 1892-இல் தொடங்கிய ஹீப்ரூ ஃப்ரீ லோன் சொசைட்டி வட்டியில்லாக் கடன் கொடுப்பதும் இந்த எண்ணத்தில்தான். பள்ளிக்குக் கொடுப்பவர், விண்ணப்பங்களை ஊருக்கு வெளியே உள்ளவர்கள் பெயரை மறைத்துப் படிக்கட்டும் என்று கேட்கலாம். கூடுதல் செலவு பெரிதல்ல.

நாட்டுக்கு நாடு கணக்கு மாறும் என்பதையும் கவனிக்க வேண்டும். 1732-இல் தொடங்கிய லண்டன் ஜேஎஃப்எஸ் போன்ற யூதப் பள்ளிகளில் பொதுப் பாடங்களுக்கு பிரிட்டன் அரசே செலவு செய்கிறது. சமயப் பாடங்களுக்குத்தான் பெற்றோரிடம் பணம் கேட்கிறார்கள். நியூஜெர்சிக்கு எழுதிய திட்டத்தை அப்படியே லண்டனுக்கு அனுப்பினால் பொருந்தாது.

‘நம்மவர்தானே’

2008 டிசம்பர் 11 அன்று நியூயார்க்கின் யூத முதலீட்டு மேலாளர் பெர்னார்ட் மேடாஃப் கைதானார். காகிதக் கணக்கில் சுமார் 6,500 கோடி டாலர் மோசடி. பழைய முதலீட்டாளருக்குப் புதியவரின் பணத்தை எடுத்துக் கொடுத்து வந்திருக்கிறார். யூத அறநிறுவனங்கள் அடுக்கடுக்காக அடிபட்டன. நியூயார்க்கின் யூதப் பல்கலைக்கழகமான யெஷிவாவின் கணக்குப் புத்தகத்தில் இருந்த சுமார் 11 கோடி டாலர் மறைந்தது. மேடாஃப் அந்தப் பல்கலைக்கழக அறங்காவலர் குழுவின் பொருளாளர். பணத்தை எங்கே போடுவது என்று முடிவெடுக்கும் குழுவின் தலைவரே அந்தப் பணத்தை மேடாஃபிடம் கொண்டுசேர்த்த நிதியை நடத்தியவர். யூதப் பெண்கள் அமைப்பான ஹடாசா தன்னிடம் இருப்பதாக நம்பிய 9 கோடி டாலர் வெறும் எண்ணாகிப்போனது. போட்டதைவிட அதிகம் எடுத்திருந்ததால், 2010-இல் அது 4.5 கோடி டாலரைத் திருப்பித் தரவும் ஒப்புக்கொண்டது.

மாசசூசெட்ஸில் ராபர்ட் லாப்பின் அறக்கட்டளை, பாஸ்டனுக்கு வடக்கே உள்ள ஊர்களின் யூதப் பதின்பருவத்தினரை இலவசமாக இஸ்ரேலுக்கு அழைத்துச் சென்று வந்தது. அதன் பணமும் மேடாஃபிடம் இருந்ததால், கைதுச் செய்தி வந்த கையோடு அது கதவை மூடியது. லாப்பினுடைய ஊழியர்களின் ஓய்வூதியச் சேமிப்பும் அதே குழியில் விழுந்திருந்தது. லாப்பின் தன் கைப்பணத்திலிருந்து சுமார் 50 லட்சம் டாலர் எடுத்து அதை நிரப்பிக் கொடுத்தார். பணத்தை இழந்த பிறகும் பொறுப்பை இழக்காத அந்தச் செயலை நான் மறப்பதில்லை.

ஏமாந்தவர்கள் முட்டாள்கள் அல்லர். ஒரே ஆலயம், ஒரே விருந்து, ஒரே அறங்காவலர் மேசை என்று பழகிய நம்பிக்கை அது. ‘அவரைக் கேள்வி கேட்பதா’ என்ற கூச்சம் தணிக்கையாளரின் வேலையைத் தடுத்துவிட்டது. எருசலேம் ஆலயக் கருவூலத்துக்குள் காசு எடுக்கப் போகிறவர் மடிப்பு வைத்த மேலங்கியோ காலணியோ போட்டுக்கொண்டு போகக்கூடாது என்பது மிஷ்னாவின் விதி. பின்னாளில் அவர் பணக்காரரானால், கருவூலத்தில் எடுத்ததுதான் என்று யாரும் பேச இடம் வைக்கக்கூடாது. நல்லவரையும் சந்தேகத்திலிருந்து காப்பது விதிதான். அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களில் பல ஆண்டுதோறும் வருமான வரித்துறைக்குத் தரும் 990 படிவம் எவரும் பார்க்கக்கூடிய ஆவணம். யூத சமய அமைப்புகள் உட்பட வழிபாட்டு அமைப்புகளுக்கு அதில் விலக்கு உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் நீங்களே வாய்விட்டுக் கணக்கு கேட்க வேண்டும்.

ஒரே தடவை பெரிதாகச் செலவழித்துவிட்டு ஓய்வதும் அடிக்கடி நடப்பதுதான். 1999-இல் தொடங்கிய பர்த்ரைட் இஸ்ரேல் என்ற திட்டம் யூத இளையோரைப் பத்து நாள் இலவசமாக இஸ்ரேலுக்கு அழைத்துச் செல்கிறது. அது மனத்தைத் திறக்கும். ஆனால் திரும்பி வந்தவரை யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளி இரவு விருந்துக்கு அழைக்க ஊரில் ஒரு வீடு இருக்க வேண்டுமே? 2005-இல் ஹெரால்ட் கிரின்ஸ்பூன் தொடங்கிய பிஜே லைப்ரரி மாதம் ஒரு குழந்தைப் புத்தகத்தை வீட்டுக்கே இலவசமாக அனுப்புகிறது. படுக்கையில் படுத்தபடி அப்பா வாசித்துக் காட்டும் பத்து நிமிடம், ஆண்டுக்கணக்கில். எனக்கு இந்தச் சிறிய வழியின்மேல்தான் நம்பிக்கை அதிகம்.

பத்திரம் எழுதும்போது

‘என்றென்றைக்கும்’ என்று கொடைப் பத்திரத்தில் எழுதும் முன் மும்பையையும் கொல்கத்தாவையும் நினைக்க வேண்டும். மும்பையில் பெனே இஸ்ரேல் என்ற யூதப் பிரிவினர் 1875-இல் தொடங்கிய பள்ளிதான், பிறகு கதூரி என்ற யூத வணிகக் குடும்பத்தின் கொடையால் எல்லி கதூரி பள்ளி எனப் பெயர் பெற்றது. கொல்கத்தாவில் 1881-இல் தொடங்கியது யூதப் பெண்கள் பள்ளி. இஸ்ரேல் உருவான 1948-க்குப் பின் யூதக் குடும்பங்கள் இஸ்ரேலுக்கும் பிற நாடுகளுக்கும் போய்விட்டன. இரண்டு பள்ளிகளும் இன்றும் நடக்கின்றன. பெரும்பாலான பிள்ளைகள் முஸ்லிம்கள். இதை நான் தோல்வி என்று சொல்லவே மாட்டேன். பென் கம்லா இன்று வந்தாலும் மகிழ்வார் என்றே நினைக்கிறேன். ஆனால் ‘யூதப் பிள்ளைகளுக்கு மட்டும்’ என்று இறுக்கி எழுதிய கொடை ஏதேனும் அங்கே இருந்தால், இன்று நீதிமன்றப் படிதான் ஏற வேண்டியிருக்கும்.

வேறு வழியும் உண்டு. சல்மான் பெர்ன்ஸ்டீன் 1984-இல் நிறுவிய ஆவி ஹாய் அறக்கட்டளை, யூதப் பள்ளிகளுக்கும் கோடைக்கால முகாம்களுக்கும் கொடுத்துவந்து, 2019 முடிவில் கொடைப்பணியைத் தானாகவே நிறைவுசெய்துகொண்டது. தேதியைப் பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவித்ததால் வாங்குபவர்களுக்கு மாற்று ஏற்பாடு தேட நேரம் கிடைத்தது.

நிரந்தர நிதிதான் வேண்டும் என்றால், பத்திரத்தில் ஒரு பத்தி சேருங்கள்: இந்த நோக்கம் நிறைவேற்ற முடியாமல் போனால், இதற்கு நெருங்கிய கல்விப் பணி எது என்று மூவர் கூடி முடிவு செய்யலாம், அவர்களில் ஒருவர் அந்த ஊரில் அப்போது வகுப்பு எடுக்கும் ஆசிரியராக இருக்க வேண்டும், கொடையாளரின் குடும்பத்தார் ஒருவருக்குமேல் இருக்கக்கூடாது.