செம்பனைப் பூவில் 3 மில்லிமீட்டர்: தோட்டத்துச் சிற்றுயிர்களைப் படமெடுக்கும் முறை

மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயாவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனைதான், அதாவது எண்ணெய்ப்பனை. (2007 வரை ஊர்ப்பெயர் பத்தாங் பெர்ஜுந்தாய், பெரியவர்கள் வாயில் இன்னும் அதுதான்.) ஒரே மரம், ஒரே நிரை, இதில் என்ன கிடக்கிறது என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு பலர் கம்போங் குவாந்தான் மின்மினிகளைத் தேடிப் போய்விடுகிறார்கள். அங்கே ஃபிளாஷ் போடக்கூடாது, படகோ ஆடிக்கொண்டே இருக்கும். நல்ல படம் வருவது அரிது. தோட்டத்துக்குள் கிடைப்பது அதைவிட அதிகம்.

முதலில் தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். கேட்கும்போதே அந்த வாரம் எந்த பிளாக்கில் (தோட்டப் பிரிவில்) மருந்து அடிக்கிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து அடித்த இடத்தில் பூச்சியும் இருக்காது, நாமும் இருக்கக்கூடாது. வெட்டி அடுக்கிய மட்டைக் குவியலுக்குள் கை விடவே வேண்டாம். எலி இருக்கும் இடம் அது, எலியைத் தேடி நாகமும் வரும். முழங்கால் வரை உயர்ந்த ரப்பர் பூட்ஸ் கட்டாயம்.

நேரம், காலை 7 முதல் 9 வரை. வெயில் ஏறாதவரை பூச்சிகள் மந்தமாக இருக்கும், தட்டான் இறக்கையில் பனித்துளி நிற்கும். ஈயம் தோண்டிய பழைய குட்டை ஓரங்களில் தட்டானுக்கு இதைவிட நல்ல நேரம் இல்லை. பாதை ஓரங்களில் தோட்டக்காரர்களே நட்டு வைத்த டர்னெரா செடிகளைப் பாருங்கள். அது அழகுக்கு நட்டதல்ல. செம்பனை ஓலையைத் தின்னும் பைப்புழுவை அழிக்கும் சிறு குளவிகளுக்குத் தேன் கொடுக்க நட்டது. பூ காலையில் விரிந்து நடுப்பகலுக்குள் சுருங்கிவிடும், ஆகவே சீக்கிரம் போங்கள்.

இலைகளைச் சேர்த்துப் பின்னிய முசுறுக் கூடு கண்ணில் பட்டால் ஓரடி தள்ளி நின்று எறும்புகளின் கால்களை எண்ணுங்கள். ஆறுக்குப் பதில் எட்டு இருந்தால் அது எறும்பு வேடமிட்ட குதிக்கும் சிலந்தி. முன்னங்கால்களை உணர்கொம்பு போலத் தூக்கிக் காட்டும். தொந்தரவு செய்தால் நூல் விட்டுத் தொங்கும், எறும்பு அதைச் செய்யாது.

ஆனால் செம்பனைத் தோட்டத்தில் எடுத்தே தீரவேண்டிய படம் ஒன்று உண்டு: ஆண் பூவில் மொய்க்கும் மகரந்த வண்டு. எலெய்டோபியஸ் கமெருனிகஸ் என்பது அதன் அறிவியல் பெயர். கேமரூனிலிருந்து 1981இல் மலேசியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு முன் பல தோட்டங்களில் மகரந்தத்தைப் பெண் பூக்களில் ஆட்கள் கையால் தூவிவந்தார்கள். அந்த வேலையை ஒழித்த உயிரின் நீளம் 3 மி.மீ. சொச்சம்.

அதைத் தேட இளங்கன்று பிளாக்குக்குப் போங்கள். நட்டு நான்கைந்து வருடமான மரத்தில் பூ இடுப்புக்குக் கீழேயே இருக்கும். விரல் விரலாக நீண்டு, மஞ்சள் வெள்ளைப் பொடி படர்ந்து, சோம்பு வாசனை வந்தால் அதுதான் விரிந்த ஆண் பூ. சில நாளில் காய்ந்து கறுத்துவிடும். மட்டை முள்ளைப் பார்த்துக் கை வையுங்கள்.

1:1 உருப்பெருக்க (பூச்சி சென்சாரில் அதன் உண்மை அளவிலேயே விழும்) மேக்ரோ லென்ஸ் இருந்தால்கூட, முழுச்சட்டக சென்சாரில் (36 மி.மீ. அகலம்) இந்த வண்டு அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் நிரப்பும். லென்ஸின் முன்னால் ரேநாக்ஸ் டிசிஆர்-250 போன்ற கிளிப் லென்ஸை மாட்டினால் உருவம் பெரிதாகும். கைப்பேசிதான் இருக்கிறது என்றால் கிளிப் மேக்ரோ லென்ஸ் போட்டு 2 முதல் 4 செ.மீ. நெருங்கலாம், முசுறுக்கும் சிலந்திக்கும் அது போதும், வண்டுக்குப் போதாது.

கேமராவை மேனுவலில் வையுங்கள்: ஷட்டர் 1/200, துளை எஃப் 11, ஐ.எஸ்.ஓ. 400, ஃபிளாஷ் 1/16இல் தொடங்கிக் கூட்டிக் குறையுங்கள். 1:1இல் எஃப் 11 வைத்தாலும் தெளிவாக விழுவது சுமார் 1.3 மி.மீ. ஆழம்தான். அதற்காக எஃப் 22க்குப் போனால் ஒளி சிதறி மொத்தப் படமும் மசங்கிவிடும். தானியங்கி ஃபோகஸை அணைத்துவிட்டு, முழங்கையை முழங்காலில் ஊன்றி, உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பூச்சியின் கண் தெளியும் கணத்தில் அழுத்துங்கள். இருபதில் ஒன்று தேறினால் நல்ல கணக்கு. காற்றில் தண்டு ஆடினால் குச்சி ஒன்றை மண்ணில் குத்தி, துணிக் கிளிப்பால் தண்டை அதோடு பிடித்துவிடுங்கள்.

வண்டு முதுகில் வெள்ளைப் பொட்டு அடித்தால் ஃபிளாஷ் நேராக விழுகிறது என்று பொருள். வெள்ளைப் பிளாஸ்டிக் பால் போத்தலை வெட்டி ஃபிளாஷுக்கு முன் வளைத்துக் கட்டினாலே போதும். அந்தப் பரப்பு எவ்வளவு பெரிதாகவும் பூச்சிக்கு எவ்வளவு அருகிலும் இருக்கிறதோ, ஒளி அவ்வளவு மென்மை. பின்னணி கறுத்துவிட்டால் பூச்சிக்குப் பின்னால் ஐந்தாறு செ.மீ. தள்ளி ஒரு பச்சை இலையைப் பிடியுங்கள். ஏர்கான் அறையிலிருந்து நேரே வெளியே வந்தால் லென்ஸ் வியர்க்கும், துடைத்தாலும் திரும்ப வரும். கேமராவைப் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்திருங்கள். வீட்டில் சிலிக்கா ஜெல் போட்ட, காற்று புகாத டப்பாவில் பூட்டுங்கள். இல்லையென்றால் நம் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். பூச்சி அசையாமல் இருக்க ஐஸ்பெட்டியில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படங்களில் கால்கள் தப்பாக மடங்கியிருப்பதைத் தெரிந்தவர் பார்த்ததும் கண்டுகொள்வார்.

ஒவ்வொரு நெருக்கப் படத்துக்கும் கூடவே அகலமாக ஒரு படம்: செடி, நிரை, பிளாக் பலகை தெரிய. தோட்டம் வீடமைப்பு நிலமாக மாறினால் இடத்தைச் சொல்ல அது ஒன்றுதான் மிஞ்சும். அன்றே கோப்புக்குப் பெயர் வையுங்கள், ஆண்டு முன்னால் வரட்டும்: 2025-03-14, உயிரி, பிளாக், வரிசை எண். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த தேதி உள்ளிட்ட விவரம் அழிந்து, படமும் சுருங்கும். டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

அடுத்தது, தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்களிடம் படத்தைக் காட்டி, அவர்கள் நினைவைப் பதிவு செய்வது. கைப்பேசித் திரை வேண்டாம், அவர்களுக்குக் கண் தெரியாது. 4ஆர் (4×6 அங்குல) அளவில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். “பாட்டி, இது பேர் தெரியுமா?” என்று கேட்டால் “தெரியாதுப்பா” என்று முடிந்துவிடும். “இந்த வண்டு வர்றதுக்கு முன்னால பூவுக்குத் தூள் யார் போட்டாங்க, எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க?” என்று கேளுங்கள். பேச்சு தொடங்குவதற்கு முன்பே கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, அனுமதி கேட்டு, படத்தின் எண்ணை முதலில் சொல்லிவிடுங்கள். குறுக்கே பேசாதீர்கள்; மௌனம் வந்தால் பத்து விநாடி பொறுங்கள். ஒலிக்கோப்புக்கும் படத்தின் அதே பெயர். அச்சிட்ட படத்தின் பின்பக்கம் அவர் சொன்ன பெயரை அவர் உச்சரித்தபடியே பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் மறுபக்கம் ஊறிவிடும்.