மலையேறி வந்த பிள்ளைக்கு ராத்திரியில் என்ன உடுத்துவது

போடி, கம்பம் பக்கம் தாய் வீட்டில் பிரசவத்தை முடித்துக்கொண்டு, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையை மூணாறு, தேவிகுளம் லயங்களுக்கு, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, தூக்கி வருவது நம் பக்கத்து வழக்கம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். மார்கழி, தையில் தேயிலைச் சரிவில் உறைபனி வெள்ளையாகப் படியும் விடியல்களும் உண்டு. கீழே ஒற்றை ஜப்ளாவோடு கிடந்த பிள்ளைக்கு இங்கே வந்த முதல் ராத்திரியே ஸ்வெட்டர், மங்கி குல்லா, கையுறை, சாக்ஸ், மேலே இரண்டு கம்பளி என்று ஆளுக்கொன்றாகச் சுற்றிப் பொட்டலமாக்கிவிடுவார்கள். குளிர் அடங்கும். ஆனால் உடம்பு அளவுக்கு மேல் சூடேறுவதும், துணி ஏறி மூக்கும் வாயும் மூடிக்கொள்வதும் குளிரைவிடப் பெரிய ஆபத்து. பச்சைப் பிள்ளைகள் தூக்கத்திலேயே திடீரென்று இறந்துபோகும் வாய்ப்பை இரண்டும் கூட்டுகின்றன.

அதனால் சூட்டை உடுப்பில் கொடுங்கள், போர்வையில் வேண்டாம். ஒரு வயது வரை பிள்ளையின் பக்கத்தில் தளர்ந்த போர்வை, தலையணை, பொம்மை எதுவும் கிடக்கக் கூடாது. மல்லாக்கப் படுக்கப் போடுங்கள்.

எத்தனை உடுப்பு என்பதற்கு வழக்கமாகச் சொல்லும் கணக்கு, அதே அறையில் உங்களுக்கு வேண்டியதைவிட ஒன்று கூடுதல். இதில் ஒரு குழி இருக்கிறது. லயத்து வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு விறகடுப்புச் சூடு இன்னும் நிற்கும். தகரக் கூரை வீடு விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குத்தான் நன்றாகக் குளிரும். ஒன்பது மணிக்கு உடுத்தியது நான்கு மணிக்குப் போதாது. நான்கு மணிக்கு வேண்டியதை ஒன்பதுக்கே போட்டால் பிள்ளை வேர்த்துக் கிடக்கும். வேர்வையில் நனைந்த துணி பிறகு அதன் பங்குக்குக் குளிரும். முன்பக்கம் திறக்கிற உடுப்பாக வைத்துக்கொண்டு, நடு ராத்திரி பால் கொடுக்க எழும்போது ஒன்றைக் கூட்டுவதோ குறைப்பதோதான் நடைமுறைக்கு ஒத்துவரும். அறை வெப்பமானி ஒன்றை வாங்கி, பிள்ளை படுக்கும் உயரத்தில் மாட்டுங்கள். உத்திரத்தில் மாட்டினால் அது கூரையடிச் சூட்டைத்தான் காட்டும்.

24 டிகிரிக்கு மேல் இருந்தால் டயப்பரும் பருத்தி ஜப்ளாவும் போதும். 20 முதல் 23 வரை உள்ளே கையில்லாத பனியன், மேலே முழுக்கை, முழுக்கால் பருத்தி உடுப்பு. 16 முதல் 19 வரை அதே இரண்டோடு தூக்கப்பை, அதாவது போர்வைக்குப் பதிலாகப் பிள்ளைக்கு மாட்டிவிடும், கையில்லாத, கால் பக்கம் மூடிய பை. கடையில் பை எவ்வளவு கதகதப்பு தரும் என்பதற்கு 'டாக்' என்று ஓர் அளவு போட்டிருக்கும், இந்தக் குளிருக்கு 2.5 டாக். 16க்குக் கீழே போனால் பனியனுக்கும் பைக்கும் நடுவே மெல்லிய முழுக்கை ஒன்று கூட. இதெல்லாம் தொடங்குவதற்கான கணக்குதான். முடிவைப் பிள்ளையின் பிடரி சொல்லும்.

உங்கள் கையை முதலில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, இரண்டு விரலைப் பிடரிக்குக் கீழே, முதுகு தொடங்கும் இடத்தில் நுழைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக, காய்ந்து இருந்தால் சரி. பிசுபிசுத்தாலோ மயிரடி ஈரமாக இருந்தாலோ ஓர் உடுப்பைக் கழற்றுங்கள். கன்னம் சிவந்து மூச்சு வேகமாக இருந்தாலும் அப்படியே. பிடரியும் வயிறும் ஜில்லென்றிருந்தால் ஒன்றைக் கூட்டுங்கள். கையும் காலும் ஜில்லென்று, கொஞ்சம் நீலம் பாய்ந்தாற்போல் இருப்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது சாதாரணம். கூடுதலாகச் சுற்றுவதெல்லாம் பெரும்பாலும் இந்த உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்துத்தான்.

குல்லா விஷயத்தில் பெரியவர்களோடு வாக்குவாதம் வரும். காது வழியாகக் காற்றுப் புகும் என்பார்கள். வெளியே தூக்கிப் போகும்போது தாராளமாகப் போடுங்கள். வீட்டுக்குள் தூங்கும்போது வேண்டாம். பிள்ளைக்கு உடம்பின் அளவுக்குத் தலை பெரிது. மிஞ்சிய சூட்டை வெளியே விடும் வழி அதுதான். அதோடு குல்லா நழுவி முகத்தில் இறங்கும். கழுத்தில் கட்டிய தாயத்துக் கயிறு, சங்கிலி, உடுப்பின் கழுத்து நாடா எல்லாவற்றையும் ராத்திரிக்கு எடுத்துவிடுங்கள். கையுறை, சாக்ஸ் போட்டே ஆகவேண்டுமென்றால் உள்பக்கத்தை வெளியே திருப்பித் தொங்கும் நூலை வெட்டுங்கள். ஒரு நூலோ உதிர்ந்த தலைமயிரோ கால் விரலில் சுற்றி இறுக்கினால் விரல் வீங்கிக் கறுக்கும். பிள்ளை காரணம் தெரியாமல் வீறிட்டால் சாக்ஸைக் கழற்றி ஒவ்வொரு விரலாகப் பாருங்கள்.

தூக்கப்பை வாங்கினால் அதில் போட்டிருக்கும் எடை வரம்பைப் பார்த்து வாங்குங்கள். தையல்காரரிடம் தைக்கலாம்: உள்ளே பிளானல், வெளியே பருத்தி, கையும் தலைமூடியும் இல்லாமல். நீளம் தோளிலிருந்து குதிகால் வரை அளந்து அதோடு 10 சென்டிமீட்டர். கால் உதைக்க இடம் வேண்டும். கழுத்துதான் முக்கியம். மூடியபின் கழுத்துக்கும் துணிக்கும் நடுவே ஒரு விரல் போனால் போதும். தலை உள்ளே நழுவுகிற அளவென்றால் அந்தப் பையே ஆபத்து. 'வளர்ந்தால் ஆகும்' என்று பெரிதாகத் தைப்பதை இதற்கு மட்டும் விட்டுவிடுங்கள்.

துணியில் சுற்றித் தூங்கவைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் ஓர் உடுப்பாக எண்ணுங்கள். நெஞ்சருகே இரண்டு விரல் நுழைய வேண்டும். இடுப்புக்குக் கீழே தளர்வாக, தவளைபோல் கால் மடங்கி விரிய வேண்டும். காலை நீட்டி இறுக்கினால் இடுப்பு மூட்டு விலகலாம். புரளப் பார்க்கிறது என்று தெரிந்த அன்றே சுற்றுவதை நிறுத்துங்கள்.

மூடுபனிக் காலத்தில் துணி காய்ந்ததுபோலத் தெரியும், காய்ந்திருக்காது. கையில் தெரியாத ஈரம் உதட்டில் தெரியும். மடிப்பு, கழுத்துப் பட்டி, இடுப்பு எலாஸ்டிக் மூன்றையும் உதட்டில் ஒற்றிப் பாருங்கள். ஜில்லென்றால் இஸ்திரி போட்டு, ஆறவிட்டு உடுத்துங்கள். ராத்திரி மாற்றுத் துணியை உங்கள் போர்வைக்குள்ளேயே வைத்திருந்தால் பிள்ளை திடுக்கிட்டு விழிக்காது.

சிமெண்டுத் தரையில் படுக்கையென்றால் குளிர் அடியிலிருந்தும் ஏறும். பாய், மடித்த ஜமுக்காளம், அதற்கு மேல் கெட்டியான மெல்லிய மெத்தை. இலவம்பஞ்சு மெத்தை அமுங்கி முகத்தை வாங்கிக்கொள்ளும், வேண்டாம். பெரியவர்களின் கம்பளிக்குள் சேர்த்துப் படுக்கவைக்காமல், கை எட்டும் தூரத்தில் தனி விரிப்பு போடுங்கள். தூளியில் கழுத்து மடங்கித் தாடை நெஞ்சில் முட்டும். முதுகுப் பக்கம் ஒற்றைத் துணிதான், காற்று நேராகப் படும். ராத்திரி முழுக்க அது வேண்டாம்.

கதவைச் சாத்திக்கொண்டு கரி நெருப்புச் சட்டியை அறைக்குள் வைப்பது குடும்பத்தையே கொல்லும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வெந்நீர்ப் பையால் படுக்கையைச் சூடாக்கலாம். பிள்ளையைப் படுக்கப் போடும் முன் எடுத்துவிட வேண்டும்.

குறைமாதப் பிள்ளைக்கும் இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறந்ததற்கும் இந்தக் கணக்கு ஆகாது, மருத்துவர் சொன்னபடி செய்யுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அக்குளில் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை சரி. அதற்குக் கீழே இறங்கினால் சட்டையைக் கழற்றித் தாயின் நெஞ்சில் தோலோடு தோலாக அணைத்து, மேலே போர்த்தி, பால் கொடுங்கள்; முகம் திறந்திருக்கட்டும். ஏறவில்லை என்றாலோ, பிள்ளை துவண்டு பால் குடிக்க மறுத்தாலோ விடியக் காத்திருக்காமல் மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 38 வந்தாலும் அப்படித்தான்.

பொங்கலுக்குக் கீழே இறங்கும்போது இதே கணக்கு தலைகீழாகும். மலை உச்சியில் இறக்கம் தொடங்கும் போடிமெட்டு தாண்டியதும் வெளி ஸ்வெட்டரையும் குல்லாவையும் எடுத்துவிடுங்கள். அடிவாரத்து முந்தல் வந்து சேர்வதற்குள் பிடரியை இன்னொரு முறை தொட்டுப் பாருங்கள். பெரும்பாலும் உள்பனியனும் நனைந்திருக்கும்.