ஸ்பெயினில் அதிகாரி பேசும்போதே குறுக்கிட்டுக் கேளுங்கள்

ஸ்பெயினுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? அலுவலக வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். வீடு கிடைத்ததும் நகராட்சியில் முகவரியைப் பதியுங்கள், எம்பத்ரொனாமியெந்தோ என்பார்கள். ஆறு மாதத்துக்கு மேல் தங்கும் விசா என்றால், வந்த ஒரு மாதத்துக்குள் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். கைரேகை கொடுக்க சீத்தா, அதாவது முன்பதிவு வேண்டும். பெரிய ஊர்களில் அது லேசில் கிடைக்காது. 790 படிவத்தில் கட்டணம் கட்டிய ரசீதும் கையில் இருக்கட்டும். அந்தப் படிவத்தில் அட்டைக்கான கட்டண எண் 012. 052 வேறு கட்டணத்துக்கானது, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இதெல்லாம் எங்கே தேடினாலும் கிடைக்கும். கவுண்டரில் எப்படிப் பேசுவது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. என் தோழிக்கு அட்டை தள்ளிப்போனது அதனால்தான்.

அவள் கட்டியிருந்தது 052. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா ரசீதைப் பார்த்ததும் கடகடவென்று பேச ஆரம்பித்தார். இவள் மூச்சுக்கு மூச்சு "சி, சி", அதாவது ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினாள். ஊரில் பெரியவர்கள் பேசும்போது உம் கொட்டுவோமே, அந்தப் பழக்கம். நம் உம்முக்கு, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். அங்கே 'சி' சொன்னால் எல்லாம் புரிந்தது, சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். "பக்கத்து வங்கியில் சரியான கட்டணத்தைக் கட்டிவிட்டு இன்றைக்கே நேராக என்னிடம் வாருங்கள்" என்றுதான் அந்த அம்மா சொல்லியிருக்கிறார். அட்டை தபாலில் வரும் என்று நினைத்து இவள் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். சீத்தா போயிற்று. மொழி தெரிந்தவரோடு மறுபடி போனபோதுதான் விஷயமே தெரிந்தது.

ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கலாமே என்று எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. ஆனால் கேட்டால் எழுதித் தருகிறார்கள், அதை நானே பார்த்திருக்கிறேன். "பெர்தோனே, உனா பிரெகுந்தா." மன்னிக்கணும், ஒரு கேள்வி. இதை அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே சொல்லுங்கள். முடிக்கட்டும் என்று காத்திருந்தால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். இங்கே ஒருவர் பேச்சில் ஒருவர் நுழைவது சகஜம். பெரும்பாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. கையை லேசாக உயர்த்தி, கண்ணைப் பார்த்துச் சொன்னால் போதும். அப்புறம் "மெ லோ புவேதே அபுந்தார்?" என்று கேளுங்கள், எழுதித் தருவார்கள். இளவயதுக்காரர் என்றால் பெர்தோனேவுக்குப் பதில் பெர்தோனா.

குறுக்கே பேசினால் அதிகப்பிரசங்கி என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம், கூச்சமாகத்தான் இருக்கும். ஊரில் என்றால் "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று எந்தப் பேச்சிலும் உரிமையோடு நுழைந்துவிடலாம். அந்த அண்ணேவுக்கு நான் இங்கே ரொம்பவே ஏங்கியிருக்கிறேன். அந்த வேலையை இங்கே பெர்தோனே செய்கிறது.

சந்தையிலும் மருத்துவ நிலையத்திலும் இதே துணிச்சல் வேண்டும். பல இடங்களில் வரிசையே இருக்காது, ஆளாளுக்கு ஒரு பக்கம் நிற்பார்கள். உள்ளே நுழைந்ததும் "கியேன் எஸ் எல் உல்திமோ?", கடைசி ஆள் யார் என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேளுங்கள். ஒருவர் கை தூக்குவார். அவருக்கு அடுத்தது நீங்கள். உங்களுக்குப் பின்னால் வருபவர் இதையே கேட்டால் "யோ" என்று நீங்கள் கை தூக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.