மார்பை எடுத்த பிறகு புதிதாக அமைத்துக்கொள்வதா? முடிவெடுக்கப் போகிறவர்களுக்கு

சேலம் அம்மாப்பேட்டையில் ஜாக்கெட் தைக்கிறேன். புற்றுநோயால் எனக்கு இடது மார்பை எடுத்தாயிற்று, புதிதாக அமைத்துக்கொள்ளவில்லை. என்னைப் போல ஒரு மார்போடு வரும் பெண்கள் அளவு கொடுத்து முடித்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்பார்கள்: "நீங்க ஏன்க்கா பண்ணிக்கல? நான் பண்ணிக்கலாமா?" அவர்களிடம் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

மார்பை எடுக்கும் ஆபரேஷன் இன்னும் நடக்கவில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பாருங்கள். ஒரே மயக்கத்தில் இரண்டையும் செய்ய முடிந்தால் மேல்தோலைக் காப்பாற்றி வைப்பார்கள், வடிவம் நன்றாக வரும். டாக்டர் தானாகச் சொல்லட்டும் என்று இருக்காதீர்கள், கேளுங்கள். ஆபரேஷன் முடிந்துவிட்டதா? பதற வேண்டாம். வருஷங்கள் கழித்தும் செய்துகொள்ளலாம். "இப்ப விட்டா போச்சு" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அடுத்து, கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைப்பார்களா என்று கேளுங்கள். பாதி முடிவு அதில் இருக்கிறது. புது மார்பை சிலிகான் பை வைத்தோ, உங்கள் முதுகு, வயிற்றுச் சதையை எடுத்தோ அமைப்பார்கள். சிலிகான் பை வைத்த இடத்தில் கதிர் பட்டால், பையைச் சுற்றி உடம்பு கட்டிக்கொள்ளும் சவ்வு இறுகி வலிக்கலாம், வடிவமும் கோணலாம். அதனால் கரண்ட் உறுதி என்றால், அது முடிந்து தோல் தேற 6 மாதமோ அதற்கு மேலோ விட்டு, சொந்தச் சதையில் அமைக்கலாம் என்று பல டாக்டர்கள் சொல்வார்கள். அக்குள் நெறிக்கட்டியின் ரிப்போர்ட் வந்த பிறகுதான் சிலருக்குக் கரண்ட் உண்டா இல்லையா என்றே தெரியும்.

பிறகு உங்கள் வேலை. டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். முதுகுத் தசையை முன்னால் திருப்பி வைக்கும் முறையில் கை இழுக்கும் பலம் கொஞ்சம் குறையலாம். எங்கள் தெருவில் குழித்தறியில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கயிறு இழுத்து நாடா ஓட்டுகிற பெண்ணுக்கு அது பிழைப்பையே தொடும். வயிற்றுச் சதையை எடுத்தால் ஒன்றரை, இரண்டு மாதம் தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. வயிற்றுத் தசையையும் சேர்த்து எடுத்தால் குடலிறக்கம் வர வாய்ப்புண்டு. தசையை விட்டுவிட்டுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக்குழாயோடு எடுக்கும் முறையில் அது குறைவு. ஆனால் பல மணி நேர ஆபரேஷன், நுண்ணிய குழாய்களைத் தைத்துப் பழகிய கை வேண்டும். சிசேரியன் தழும்பு இருக்கிறதே என்று நீங்களாக ஒதுங்கிவிடாதீர்கள். பலருக்கு அது தடையில்லை.

ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் தங்கச்சி ஒருத்திக்கு, சிலிகான் பைக்கு இடம் உண்டாக்க முதலில் தோலை விரிக்கும் பை வைக்கலாம் என்றார்கள். வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை அதில் உப்புநீர் ஏற்ற வர வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறி, அன்றைய கூலியையும் விட வேண்டும். பழம் பறிக்கும் பருவம் முடியட்டும் என்று தள்ளிவைத்தாள். நல்ல முடிவு. கீமோவையும் கரண்ட்டையும் தள்ளக் கூடாது, இதைத் தள்ளலாம்.

வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். நிக்கோடின் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்கும். வைத்த சதை பிழைக்காமல் போகலாம். சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும்.

புது மார்பு வடிவத்தைத் தரும். பழைய தொடு உணர்ச்சி பெரும்பாலும் முழுசாகத் திரும்பாது. காம்பு அமைப்பது பிறகு தனி வேலை. சிலிகான் பை ஆயுசுக்கும் வருவதில்லை, மாற்ற வேண்டி வரலாம். ஒன்றில் மட்டும் நிம்மதியாக இருங்கள்: இதைச் செய்துகொண்டதால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுவதில்லை.

இன்னும் மனசு ஒரு பக்கம் சாயவில்லையா? காயம் நன்றாக ஆறியதும் சில மாதம் பஞ்சு வைத்து வாழ்ந்து பாருங்கள். பிராவின் உள்பக்கம் மெல்லிய காட்டன் துணியில் பை தைத்து, மற்ற மார்பின் அளவுக்குப் பஞ்சை அடைத்து வையுங்கள். அடியில் துணியில் பொதிந்த சின்னக் கனம் ஒன்றைச் சேர்த்துத் தைத்தால் மேலே ஏறாது. சேலத்து வெயிலுக்கு சிலிகானைவிடக் காட்டன் சுகம். ஜாக்கெட் சரியாக உட்கார்ந்ததும் எனக்கு மனக்குறை போய்விட்டது, இன்னொரு ஆபரேஷன் வேண்டாம் என்று தெளிவாகத் தெரிந்தது. ஆனால் குளிக்கும்போது ஒவ்வொரு நாளும் மனசு நொறுங்குகிறது என்றால் பஞ்சு அதைத் தீர்க்காது. அப்படிப்பட்டவர்கள் தயங்காமல் செய்துகொள்ளுங்கள். "இந்த வயசுல எதுக்கு" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அந்தக் குளியலறையில் நிற்கப் போவது நீங்கள்தான்.

சர்ஜனிடம் அவர் செய்த ஆபரேஷன்களின் படங்களைக் கேட்டுப் பாருங்கள், சரியாக வராதவற்றையும் சேர்த்து. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. உங்களுக்குச் சொன்ன முறை அதில் சேருமா, முந்தைய சிகிச்சை போக மீதி எவ்வளவு இருக்கிறது என்று அட்மிட் ஆவதற்கு முன்பே காப்பீட்டு கவுன்டரில் கேட்டு, தொகையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.